மலிவு விலை எலக்ட்ரிக் கிட்டார்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

ஐயாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் எலக்ட்ரிக் கிட்டார்களில் மரமோ பிக்கப்போ (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தப் பகுதி) அடியோடு கெட்டிருப்பது குறைவு. தொழிற்சாலையில் கடைசியாகச் செய்யவேண்டிய கைவேலையைச் செய்யாமல் விடுவதால்தான் பெரும்பாலான தொல்லை. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு பட்டையான நட்டில் பள்ளம் போதிய ஆழம் போயிருக்காது, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டின் ஓரம் தேய்த்திருக்காது, ஏதோ ஒரு வயர் சால்டரில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். இவை வீட்டிலேயே முடிகிற வேலை. கழுத்துப் பகுதியான நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைத் தப்பான இடத்தில் துளைபோட்டு மாட்டியிருந்தாலோ கதை வேறு. அதைச் சரிசெய்யும் கூலி கிட்டாரின் விலையையே தொட்டுவிடும். இந்த இரண்டு வகையையும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பிரித்தறிவதுதான் முதல் வேலை.

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருப்பவர் கிட்டார் வேலை தெரிந்தவரைத் தேடினால் பெரும்பாலும் பெங்களூருக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறவேண்டியிருக்கும். ஏறுவதற்கு முன் பார்க்கவேண்டியவை கீழே.

## பெட்டி பிரித்த அன்றே பார்க்கவேண்டியவை

பிரிப்பதை இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். நெக்கில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உடனே உரிக்காதீர்கள்.

பாடியின் அடிப்பக்கத்திலிருந்து நட்டை நோக்கி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பிரிட்ஜுக்கு அருகிலுள்ள கடைசி ஃப்ரெட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரியவேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கியிருக்கிறது. திருப்பி அனுப்புங்கள்.

நட்டின் உள்முனையிலிருந்து 12வது ஃப்ரெட்டின் நடு உச்சி வரை ஸ்டீல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) உள்ள வகையில் பெரும்பாலும் 324 மி.மீ., ஒற்றைக் கொம்பு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வகையில் 314 மி.மீ. ஒட்டி வரும். அங்கிருந்து 1வது கம்பியின் (மிக மெல்லியது) சேடில் வரை, அதாவது பிரிட்ஜில் அந்தக் கம்பி ஏறும் சிறு தாங்கி வரை, அதே தூரமோ ஒன்றிரண்டு மி.மீ. கூடவோ இருக்கவேண்டும், 6வது கம்பிக்கு (மிகத் தடித்தது) இன்னும் சில மி.மீ. கூடும். சேடிலை முழுக்க நகர்த்தியும் அந்த அளவு வராவிட்டால் பிரிட்ஜ் தப்பான இடத்தில் இருக்கிறது. இதுவும் திருப்பி அனுப்பவேண்டியதே.

நெக்கினுள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடின் திருகு நட்டில் ஆலன் கீயைப் போட்டு இரு பக்கமும் கால் சுற்று மெதுவாகத் திருப்பிப் பார்த்துப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். சுற்றிக்கொண்டே போனாலும், அசையவே மறுத்தாலும் வைத்துக்கொள்ளாதீர்கள். தலைப்பகுதி நெக்கோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தாலும் அப்படியே. நெக் பாடியில் உட்காரும் குழியின் ஓரத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தால், நெக்கை லேசாக அசைத்துப் பாருங்கள். கோடு வாய் திறந்தால் மரம் பிளந்திருக்கிறது. திறக்காவிட்டால் பெயின்ட் வெடிப்புதான், வாசிப்பதற்கு இடைஞ்சல் இல்லை.

## வேலையின் வரிசை

புதுக் கம்பி போட்டு, வாசிக்கப்போகிற சுருதிக்கு ஏற்றிவிட்டு, முதலில் நெக் வளைவு, அடுத்து நட், பிறகு பிரிட்ஜ் உயரம், கடைசியாக சேடிலை முன்பின் நகர்த்துவது. வரிசை மாறினால் செய்த வேலையே கெடும். நெக் வளைவை மாற்றினால் உயரம் மாறும், உயரம் மாறினால் சுருதி மாறும்.

கருவிகள்: ஆலன் கீ செட் (1.5, 4, 5 மி.மீ. கட்டாயம்), அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், 40 வாட் சால்டரிங் அயர்ன், மாஸ்கிங் டேப், 400 முதல் 2000 வரை உப்புத்தாள், ஊசி அரம் செட். நகை வேலை செய்யும் பத்தர்கள் வாங்கும் கடையில் நல்ல ஊசி அரம் கிடைக்கும். டூ வீலர் மெக்கானிக்குகள் வைத்திருக்கும், சந்து அளக்கும் மெல்லிய தகட்டுக் கட்டான ஃபீலர் கேஜ் இங்கேயும் அப்படியே உதவும். டியூனருக்கு ஃபோன் ஆப் போதும்.

## அறிகுறி: கம்பி ஃப்ரெட்டில் உரசி இரைகிறது

ஆம்ப் போட்டு வாசிக்கும்போது ஸ்பீக்கரில் கேட்காத உரசலை விட்டுவிடுங்கள். உயரம் குறைவாக வைத்த எந்த எலக்ட்ரிக் கிட்டாரிலும் கொஞ்சம் இருக்கும். ஆம்பிலும் கேட்டால் எந்த இடத்தில் இரைகிறது என்று பாருங்கள்.

விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் அந்தக் கம்பியின் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. பள்ளத்தில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை அடைத்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் நொடியில் கல்லாக இறுகும். பிறகு அரத்தால் மறுபடி பள்ளம் போடலாம். சுற்றிலும் டேப் ஒட்டாமல் பசையைத் திறக்காதீர்கள்.

1 முதல் 5 ஃப்ரெட் வரை எல்லாக் கம்பியிலும் இரைந்தால் நெக் தேவைக்கு மேல் நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. 1வது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, 6வது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, 7வது அல்லது 8வது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள சந்தை அளங்கள். 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்கவேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டு ஏறக்குறைய 0.3 மி.மீ. தடிமன் இருக்கும். சந்தே இல்லையென்றால் ட்ரஸ் ராடைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் கால் சுற்று. சந்து மிகுதியானால் கடிகாரப் பக்கம் கால் சுற்று, அதுவும் கம்பியைச் சற்றுத் தளர்த்திவிட்டு. திரும்பச் சுருதி சேர்த்து அளந்த பிறகே அடுத்த கால் சுற்று. கீ குழியில் ஆடாமல் கச்சிதமாக உட்காரவேண்டும். சற்றே சின்ன கீயைப் போட்டுத் திருப்பினால் குழி வழவழத்துவிடும், பிறகு அந்த நெக்கைக் காப்பாற்றுவது செலவு. மொத்தம் ஒரு சுற்று திருப்பியும் அளவு மாறாவிட்டால், அல்லது கை வலிக்கும் அளவு இறுகினால் நிறுத்துங்கள். அது கிட்டார் டெக்னீஷியன் கையில் கொடுக்கவேண்டியது.

12க்கு மேல் மட்டும் இரைந்தால் முதலில் சேடிலை உயர்த்துங்கள். 12வது ஃப்ரெட்டில் உச்சியிலிருந்து கம்பியின் அடி வரை 6வது கம்பிக்கு 2 மி.மீ., 1வது கம்பிக்கு 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். இதற்கு மேல் உயர்த்தியும் இரைந்தால் நெக் பாடியில் சேருமிடத்தில் ஃப்ரெட்போர்டு புடைத்திருக்கிறது. ட்ரஸ் ராடு அங்கே வேலை செய்யாது. ஃப்ரெட்டைத் தேய்த்துச் சமன்செய்வதுதான் வழி, வெளி வேலை.

ஒரே கம்பியில் ஒரே இடத்தில் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலெழும்பியிருக்கிறது. மலிவு கிட்டாரில் அதிகம் வருவது இதுதான். மூன்று ஃப்ரெட்டின் மேல் மட்டும் படும் நீளத்துக்கு நேரான இரும்புத் துண்டோ பழைய ஏடிஎம் கார்டின் பக்கமோ வைத்து அழுத்துங்கள். நடு ஃப்ரெட்டில் ஊன்றி முன்னும் பின்னும் ஆடினால் உயர்ந்திருப்பது அந்த நடு ஃப்ரெட். மேலே போகப்போக ஃப்ரெட்டுகள் நெருங்குவதால் கார்டின் அகலப் பக்கம், குட்டைப் பக்கம் என மாற்றிக்கொள்ளவேண்டும்.

உயர்ந்த ஃப்ரெட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கி எழுந்தால் அது பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. நெக்கின் அடியில் மணல் பை அல்லது மடித்த துண்டு வைத்து, பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கி, ஓரத்தில் ஃபெவிக்விக் துளி ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துப் பத்து நிமிடம் கிளாம்ப் போடுங்கள். அமுங்காவிட்டால் அந்த ஒரு ஃப்ரெட்டைத் தேய்க்கலாம். இரு பக்கமும் மரத்தில் டேப், ஃப்ரெட் உச்சியில் மார்க்கர் மை, நைஸ் அரத்தால் மைக் கோடு மறையும் அளவுக்கு மட்டும். கார்டு ஆடாத நிலை வந்ததும் நிறுத்திவிட்டு, தட்டையான உச்சியை ஓரங்களில் சாய்த்து வட்டமாக்கி, 600, 1000, 2000 உப்புத்தாளால் பளபளப்பாக்குங்கள். வட்டமாக்காமல் விட்டால் கம்பி ஃப்ரெட்டின் அகலத்தில் படுத்துச் சுருதி பிசகும்.

நான்கைந்து ஃப்ரெட்டுக்கு மேல் இப்படி ஆடினால் ஒவ்வொன்றாகத் தேய்க்கக்கூடாது. ஒன்றைத் தாழ்த்த அடுத்தது உயரும். மொத்தமாகச் சமன்செய்ய டெக்னீஷியனிடம் போங்கள், அல்லது கெடு இருந்தால் திருப்புங்கள்.

## அறிகுறி: அழுத்தவே விரல் வலிக்கிறது, எஃப் கார்டு (F chord) பிடிபடவில்லை

பலர் உடனே பிரிட்ஜை இறக்குவார்கள். அது மேல் ஃப்ரெட்டுகளில்தான் அதிகப் பலன் தரும். முதல் மூன்று ஃப்ரெட்டில் வலித்தால் நட் உயரம்தான் காரணம். அங்கே அழுத்தும்போது கம்பி மிகுதியாக இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். புதிதாகக் கற்பவர் தன் காது சரியில்லை என்று நினைத்துவிடுகிறார்.

கம்பியை 3வது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு 1வது ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு தாள் தடிமன் சந்து போதும். தட்டினால் மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்கவேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடைவெளி இருந்தால் நட்டைத் தாழ்த்தவேண்டும்.

எல்லாக் கம்பியும் ஒரே அளவு உயர்ந்திருந்தால் நட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்ப்பது எளிது. மரக்கட்டையை நட்டின் மேல் வைத்துப் பக்கவாட்டில் தட்டினால் கழன்றுவரும். அதற்குமுன் ஓரத்துப் பெயின்ட்டைப் பிளேடால் கீறிவிடுங்கள். தேய்க்கச் சமதளம் வேண்டும். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிரானைட் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பாலிஷ் போட்ட கழிவுத் துண்டு ஒன்று வாங்கி, அதன்மேல் 400 உப்புத்தாளை ஒட்டி, நட்டை ஒரே திசையில் தேய்த்தால் அடி கோணாது. நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கம்பி மட்டும் உயரமென்றால் அந்தப் பள்ளத்தை மட்டும் கம்பித் தடிமனுள்ள ஊசி அரத்தால், தலைப்பகுதியை நோக்கிச் சற்றுச் சரிவாக.

நட் சரியான பிறகும் 12வது ஃப்ரெட்டில் உயரம் 2.5 மி.மீ.க்கு மேல் நிற்கிறது, சேடிலும் தரைதட்டிவிட்டது என்றால் நெக்கின் கோணம் தப்பு. நெக்கின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, குழிக்குள் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் அரை மி.மீ. அட்டைத் துண்டு வைத்து மறுபடி முடுக்குங்கள். நெக் பின்சாய்ந்து கம்பி இறங்கும்.

## அறிகுறி: சுருதி நிற்கவில்லை

முதலில் கம்பியைப் பாருங்கள். புதுக் கம்பி இழுபட்டு நிற்க ஒரு நாள் ஆகும். கையால் மேலே இழுத்து இழுத்துச் சுருதி சேர்த்தால் பத்து நிமிடத்தில் முடியும். கம்பியை முறுக்கும் பெக்கில் இரண்டு மூன்று சுற்று போதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கிச் சுற்றவேண்டும்.

பெக்கைத் திருப்பும்போது நட்டில் ‘டிங்’ என்று கேட்டால் பள்ளம் கம்பியைக் கவ்வுகிறது. 2பி பென்சில் கரியைப் பள்ளத்தில் தேயுங்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் பள்ளம் குறுகல். 400 உப்புத்தாளை மடித்துப் பக்கச் சுவரை மட்டும் இரண்டு இழுப்பு.

அடுத்து, பெக்குகள். முன்பக்க வாஷர் நட் பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனரில் இறுகும். பின்பக்கக் குட்டி ஸ்க்ரூவும் தளர்ந்திருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் பெக்கைத் திருப்பினால் சற்று நேரம் கம்பி அசையாமல் நின்று பிறகு எகிறினால் பல்சக்கரம் தேய்ந்தது, ஆறும் மாற்றவேண்டும். வாங்குமுன் தலைப்பகுதித் துளையின் விட்டத்தையும் பின்பக்க ஸ்க்ரூ துளையின் இடத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் ஆட்டிச் சுருதியை ஏற்றி இறக்கும் வகை) உள்ள மலிவு கிட்டாரில் சுருதி நிற்காத தொல்லைக்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது எங்கள் கருத்து. கை பழகும்வரை அதை அசையாமல் கட்டிவையுங்கள். பின்மூடியைத் திறந்து, ஸ்ப்ரிங் மாட்டிய தகட்டின் இரண்டு நீள ஸ்க்ரூவையும் மாறிமாறி முடுக்கினால் பிரிட்ஜ் பாடியில் படிந்து உட்காரும். ஸ்ப்ரிங் மூன்றே இருந்தால் ஐந்தாக்குங்கள்.

## அறிகுறி: விரல் வைக்காமல் சுருதி சரி, மேலே போனால் பிசகுகிறது

12வது ஃப்ரெட்டின் மேல் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மானிக் ஒலியையும் அதே ஃப்ரெட்டில் அழுத்திய ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே, இறங்கியிருந்தால் நெக் பக்கம் முன்னே. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சுருதி சேர்த்த பிறகே அளக்கவேண்டும். சேடில் பின்னே போக இடமில்லாமல் ஸ்ப்ரிங் முட்டினால் ஸ்ப்ரிங்கைப் பாதியாக வெட்டிப் போடலாம். பழைய கம்பியில் இந்த வேலையைச் செய்வது வீண்.

பிக்கப் மிக உயரமாக இருந்தால் காந்தம் கம்பியை இழுத்து, 12க்கு மேல் தடித்த கம்பிகளில் இரண்டு சுருதி சேர்ந்து அலைவது போலக் கேட்கும். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, 6வது கம்பிக்கும் பிக்கப்புக்கும் 2.5 மி.மீ., 1வது கம்பிக்கு 2 மி.மீ. விடுங்கள்.

## அறிகுறி: ஃப்ரெட் ஓரம் கையைக் கீறுகிறது

ஈரக்காற்றுள்ள ஊரில் செய்து, கப்பலில் வந்து, மாசி பங்குனியில் தர்மபுரிக்குள் நுழைகிற கிட்டாரில் இது அடிக்கடி வரும். வறண்ட வெயிலில் மரம் அகலத்தில் சுருங்கும், உலோகம் சுருங்காது. ஃப்ரெட் முனைகள் இரு ஓரத்திலும் துருத்தும். ஓசூர் பக்கம் குளிர்ச்சி கொஞ்சம் கூடுதல் என்பதால் குறைவாகத் தெரியலாம்.

வந்த வாரமே அரம் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் வீட்டுக் காற்றில் மரம் அடங்கட்டும். பிறகு ஃப்ரெட்போர்டின் ஓர மரத்தில் டேப் ஒட்டி, தட்டையான நைஸ் அரத்தை ஓரத்தோடு இணையாகப் பிடித்து, முனை மரத்தோடு சமமாகும் வரை நீளவாக்கில் இழுங்கள். அடுத்து ஊசி அரத்தால் ஒவ்வொரு முனையின் இரு கூர் மூலையையும் மழுக்கி, 800 உப்புத்தாளால் துடைத்தால் போதும்.

பெயின்ட் பூசாத கருமரப் போர்டுக்கு மினரல் ஆயில் நான்கைந்து சொட்டு தடவித் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்து நாற்றமெடுக்கும். ஷீட் கூரையின் கீழ் உள்ள அறையிலும், வெயிலில் நிற்கும் காரிலும் கிட்டாரை விடாதீர்கள். ஐப்பசி மழையில் மரம் மறுபடி விரியும்போது ட்ரஸ் ராடை ஒருமுறை சரிபாருங்கள்.

## அறிகுறி: ஆம்பில் இரைச்சல்

எந்தச் சோதனைக்கும் முன் ஒன்று: கம்பியைத் தொடும்போது சுருக்கென்று ஷாக் அடித்தால் உடனே ஆம்ப் பிளக்கைப் பிடுங்குங்கள். கிட்டாரில் தேடாதீர்கள். ஆம்பிலோ வீட்டு எர்த்திலோதான் கோளாறு இருக்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தால் எர்த் அறுந்ததாகவே பொருள். மல்டிமீட்டரில் ஏ.சி. வோல்ட் வைத்துப் பார்ப்பதானால் ஃபேஸ்–நியூட்ரல் 230 சுமார், ஃபேஸ்–எர்த் அதே சுமார், நியூட்ரல்–எர்த் ஒன்றிரண்டு வோல்ட் வரவேண்டும். ஃபேஸ்–எர்த் வெகுவாகக் குறைந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பாறை நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது இந்தப் பக்கம் சாதாரணம். கோயில் திருவிழா மேடையிலும் சர்ச் பாடற்குழுவிலும் ஆம்பும் மைக் செட்டும் வேறுவேறு லைனில் இருந்தால் மைக்கில் வாய் படும்போது அடிக்கும். இரண்டையும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஷாக் இல்லை, இரைச்சல் மட்டும் என்றால்:

கம்பியைத் தொட்டால் குறைகிறது. வயரிங் சரி. வெளியிலிருந்து வரும் இரைச்சல். டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி பல்பு, ஃபோன் சார்ஜர் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போனபோது மட்டும் கூடினால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்தான் காரணம். கிட்டாரோடு திரும்பி உட்கார்ந்தால் இரைச்சல் மாறுகிறதா? சிங்கிள் காயில் பிக்கப்பின் இயல்பு அது. பின்குழியிலும் பிக்கார்டின் (முகப்பிலுள்ள பிளாஸ்டிக் தகடு) அடியிலும் காப்பர் டேப் ஒட்டி கிரவுண்டோடு சேர்த்தால் இரைச்சல் ஓரளவு குறையும், ஆனால் முழுக்கப் போகாது. சமையலறை அலுமினியத் தாளும் வேலை செய்யும், சால்டர் மட்டும் அதில் ஒட்டாது. வயரை ஸ்க்ரூவால் பிடியுங்கள்.

கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது. பிரிட்ஜிலிருந்து வரும் கிரவுண்ட் வயர் அறுந்தது. மல்டிமீட்டரின் பீப் நிலையில் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையைக் கேபிளின் வெளி உலோகத்திலும் வையுங்கள். பீப் வரவில்லையென்றால் பின்குழியில் அந்த வயரைத் தேடிச் சால்டர் செய்யுங்கள். வால்யூம், டோன் பொத்தான்களின் அடியிலுள்ள பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் ஒட்ட 25 வாட் அயர்ன் சூடு போதாது.

தொட்டால் கூடுகிறது. ஜாக்கில் இரண்டு வயரும் மாறி ஒட்டப்பட்டிருக்கிறது. மாற்றி ஒட்டினால் தீர்ந்தது.

## அறிகுறி: சத்தம் விட்டுவிட்டு வருகிறது, அல்லது வரவே இல்லை

வேறு கேபிள். அடுத்து ஜாக். தகட்டைக் கழற்றி ஜாக்கின் திருகு நட்டை இறுக்குங்கள், பிளக் நுனியைத் தொடும் வளைந்த இதழைச் சற்று உள்ளே வளையுங்கள். இறுக்கும்போது உள்ளே ஜாக் சுழன்று வயர் அறுந்துவிடும், கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பொத்தானைத் திருப்பும்போது கரகரத்தால், ஸ்விட்சை அசைத்தால் வந்துபோனால், காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்புங்கள். போகாவிட்டால் மாற்றுங்கள். சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்) பாட், ஹம்பக்கருக்கு 500 கே. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். பழைய பாட்டைக் கையோடு எடுத்துப்போய்த் தண்டின் தடிமனும் நீளமும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பிக்கப்பே செத்ததா என்று அறிய: கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்க வைத்து, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் ஓம் அளங்கள். சிங்கிள் காயில் 5 முதல் 7 கிலோ ஓம், ஹம்பக்கர் 7 முதல் 15 கிலோ ஓம். 250 அல்லது 500 கிலோ ஓம் காட்டினால் பிக்கப்பின் வயர் அறுந்தது, முதலில் அதன் சால்டர் முனையைப் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் ஷார்ட். முடிவிலி காட்டினால் ஜாக் வயர். காயிலுக்குள்ளேயே அறுந்திருந்தால் அந்த மெல்லிய கம்பியைத் தேடாதீர்கள், புதுப் பிக்கப் மாற்றுவதே மலிவு.

## அறிகுறி: 1வது கம்பி ஃப்ரெட்போர்டை விட்டு நழுவுகிறது

நெக் குழிக்குள் ஒருபக்கம் நகர்ந்திருக்கிறது. கம்பியைத் தளர்த்தாமல் நான்கு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று விட்டு, நெக்கை மெல்லத் தள்ளி, இரண்டு ஓரத்திலும் சமதூரம் வந்ததும் முடுக்குங்கள்.

## டெக்னீஷியனிடம் போகும்போது

மொத்த ஃப்ரெட் சமன், ட்ரஸ் ராடு கோளாறு, மரப் பிளவு ஆகிய மூன்றுக்கும் கிளம்பலாம். கிளம்புமுன் கூலியை ஃபோனில் கேளுங்கள். கிட்டார் விலையில் பாதியை அது தாண்டினால், அதே வகைப் புது நெக் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பஸ்ஸில் டிக்கியிலும் இன்ஜின் பெட்டியின் மேலும் வைக்காமல் மடியருகில் வையுங்கள். வாசிக்கும் கம்பி 9-42 செட்டா 10-46 செட்டா, வழக்கமான சுருதியா அரைச் சுருதி இறக்கமா என்பதைச் சொல்லி, அந்தக் கம்பியையே போட்டுக் கொடுங்கள். வேறு தடிமனில் செய்த செட்டப், ஊர் வந்து கம்பி மாற்றியதும் நெக் இழுப்பு மாறிக் கலைந்துவிடும்.